அளவுகோல் முதற் செய்மதி வரை
நிலமறி கலை கல்லூரிக் கல்வியாகிய வரலாறு

பட்டம் பெற்று வெளியேறும் மாணவன் ஒருவனிடம் அவன் பிறந்த ஊர் அடங்கிய ஓரங்குலத் தேசப்படத்தைக் கொடுத்து, உன் வீடு எங்குளது, உன் ஊர்க் குளம் எங்குளது, அக் குளத்திற்கு நீர் எவ் வழியால் வருகின்றது என வினவினால், தயங்காது விரல் வைத்துக் காட்டுவோர் எத்தனை பேர்? சரித்திரம் பயின்றவன் அரச பரம்பரைகளை ஒப்புவிப்பான். இலக்கியம் பயின்றவன் ஐந்திணைக்கும் கருப்பொருள் கூறுவான். ஆயினும், தான் நிற்கும் நிலத்தைப் படத்தில் இனங்காண்பதற்கு இருவருமே இடர்ப்படுவர்.

அண்மைக் காலத்தில் புவியியல் தகவல் முறைமை, தொலையுணர்வு என்னும் இரு துறைகளும் பல்கலைக்கழகப் பாடவிதானங்களில் இடம்பெறத் தொடங்கியுள்ளன. பிற பட்டங்களைப் பயில்வோரும் இவற்றை ஒரு துணைத் தகைமையாகப் பெறுதல் வேண்டும் என்பார் உளர். இவை வெறும் கைத்திறன், தொழிற்பாடசாலைக்குரியன, பட்டமோ அறிவுக்குரியது என மறுப்பாரும் உளர். தொழில்வாய்ப்பு ஒன்றையே காட்டி முன்னவர் வாதிடுகின்றனர்; கல்வியின் மாண்பைக் காட்டிப் பின்னவர் வாதிடுகின்றனர். இவ் வழக்கு இன்று நேற்று எழுந்ததன்று. நிலத்தை அளக்குங் கலை யார் கையில் இருந்தது, அது எவ்வாறு கல்விச்சாலைக்குள் புகுந்தது, அதனைக் கற்றவரும் கல்லாதவரும் அடைந்த பயன் யாது என்பவற்றை ஆராய்வோமாயின், இவ் வழக்கிற்கு விடை காண்டல் எளிதாகும்.

காணாது வரைந்த படம்

இலங்கையின் தேசப்பட வரலாற்றைத் தொலமியிலிருந்து தொடங்குதல் மரபு. கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த இவ் வறிஞர் தம் புவியியல் நூலில் எண்ணாயிரம் அளவிலான இடங்களை அகலக்கோடு, நெடுங்கோடு என்னும் இரு எண்களாற் குறித்தார். இடத்தை எண்ணாற் குறிக்கலாம் என்னும் இக் கொள்கையே இன்றைய கணினித் தேசப்படங்களுக்கும் அடிப்படை. தப்ரபேன் என அவர் அழைத்த இலங்கையில் அநுராதபுரத்தைக் குறிக்கும் பெயரும், நாகதீபத்தை நினைவூட்டும் பெயரும் காணப்படுகின்றன.

ஆயின், அவர் காட்டிய இலங்கை உண்மை இலங்கையிலும் பன்மடங்கு பெரியது. பூமத்திய கோட்டுக்குத் தெற்கேயும் அது நீண்டு கிடக்கின்றது. தொலமி இத் தீவைக் கண்டவரல்லர். மாலுமிகளும் வணிகரும் நாட்கணக்கிற் கூறிய தொலைவுகளைத் தூரமாக மாற்றியே அவர் படம் அமைத்தார். கணித முறை செம்மையானது. அம் முறைக்கு இடப்பட்ட செய்தியே பிழையானது. மேனாட்டார் இப் படத்தை நூற்றாண்டுக்கணக்காகப் படியெடுத்துப் போற்றினர். எண்ணாற் குறிக்கப்பட்டது என்பதனாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அதே நிலத்தில் வாழ்ந்தோர் அதனை எவ்வாறு அளந்தனர் என்பதைக் கலாவாவிக் கால்வாய் காட்டும். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துத் திசாவாவிக்கு நீர் கொண்டுசெல்லும் ஜயகங்கை ஏறத்தாழ 54 மைல் நீளமுடையது. அதன் முதற் பதினேழு மைல் தூரத்தில் நிலச் சரிவு மைலுக்கு ஆறங்குலம் மட்டுமே. மட்டங் காணும் நுண்கருவியின்றி இத்தகைய சரிவை அமைத்தல் இயலாது. அக் கருவி யாது, அதனைப் பயன்படுத்தும் முறையை யார் யாருக்குக் கற்பித்தனர் என்பன மறைந்துபோயின. கால்வாய் நின்றது, கலை நில்லாதொழிந்தது.

தஞ்சைக் கோயிலின் இரு சான்றுகள்

தமிழ்நாட்டில் முதலாம் இராசராசன் கி. பி. 1001 ஆம் ஆண்டளவில் தன் இராச்சியத்து நிலங்களை அளப்பித்தான். அவ் வளவையை நடாத்திய அதிகாரி உலகளந்தான் எனச் சிறப்புப் பெயர் பெற்றான். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில் கோயிலுக்குரிய ஊர்களின் விளைநிலம் ஒரு புறமும், இறை நீங்கலான ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவை மறுபுறமுமாக வகுத்து அளவு கூறப்பட்டுள்ளன. வேலியிற் தொடங்கி, மா, காணி, முந்திரி எனக் குறுகி, முந்திரியையும் முந்நூற்றிருபது கூறாக்கிய கீழ்முந்திரி வரை கணக்குச் செல்கின்றது. இன்று புவியியல் தகவல் முறைமையில் நிலப்பயன்பாட்டு வகுப்பு எனக் கூறப்படுவது யாது? விளைநிலம், குடியிருப்பு, நீர்நிலை என நிலத்தை வகுத்து ஒவ்வொன்றின் பரப்பையும் பதிதலே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிய பதிவும் அதுவே.

அதே கோயில் எண்ணூறு ஆண்டுகளின் பின் வேறொரு நில அளவைக்குச் சான்றாயிற்று. வில்லியம் லாம்ப்ரன் என்பார் 1802 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, இந்தியாவின் பெருந் திரிகோண அளவையைத் தொடக்கிவைத்தார். ஒரு பக்கத்தை நிலத்தில் அளந்து, மூன்று கோணங்களையும் கருவியாற் கண்டால், ஏனை இரு பக்கங்களையும் கணக்காற் பெறலாம். அப் பக்கங்களின் மேல் அடுத்த முக்கோணங்களை அமைத்து நாடெங்கும் பரப்பலாம். இதுவே அம் முறை. காவிரிச் சமவெளியிற் குன்றுகள் இன்மையாற் கோயிற் கோபுரங்களே அவருக்கு நோக்கிடங்களாயின. 1808 ஆம் ஆண்டு, அரைத் தொன் நிறையுள்ள பெரிய தியோடலைற்றுக் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றுகையிற் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்ப்ரன் ஆறு வாரம் பிறரைக் காணாதிருந்து அதனைத் தம் கையாலேயே செப்பனிட்டார்.

கோயிற் சுவரிலே சோழன் வெட்டுவித்த நில அளவும், அதன் உச்சியிலே ஆங்கிலேயன் ஏற்ற முயன்ற அளவைக் கருவியும் ஒரே இடத்திற் சந்தித்தன எனலாம். இடைப்பட்ட காலத்தில் முன்னைய கலைக்கு உரியவர்களின் மரபு பின்னதைத் தோற்றுவிக்கும் ஆற்றலை இழந்திருந்தது. அரசினதும் அதிகாரியினதும் உடைமையாக இருந்த கலை, அரசு வீழ்ந்தபோது தானும் வீழ்ந்தது. கல்விச்சாலையில் வைத்து எல்லோர்க்கும் கற்பிக்கப்படாத அறிவின் கதி இதுவாகும்.

எட்டு மாணவரும் ஒரு பள்ளியும்

நிலமளக்குங் கலையைப் பள்ளியில் வைத்துக் கற்பிக்கும் முயற்சி தென்னாட்டில் 1794 ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியலாளரும் கடலோர அளவையாளருமான மைக்கல் ரொப்பிங் என்பாரின் தூண்டுதலால், சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று எட்டு மாணவருடன் நிறுவப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து அளவையாளரை வரவழைப்பதிலும் இங்குள்ள இளைஞரைப் பயிற்றுதல் செலவு குறைந்தது என்பதே கம்பெனியார் கருதிய பயன். பயிற்சி பெற்ற இளைஞர் கொலின் மக்கென்சி முதலானோரின் அளவைகளில் உதவியாளராகப் பணியாற்றினர்.

மக்கென்சி சரித்திர மாணவர் மறக்கலாகாத ஒருவர். 1815 ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் நில அளவையதிபதியான இவர், அளவைக்கெனச் சென்ற ஊர்தோறும் ஏட்டுச் சுவடிகளையும், கல்வெட்டுப் படிகளையும், ஊர் வரலாறுகளையும் திரட்டினார். காவலி வேங்கட போரையா முதலிய நம்மவர் அவருக்கு உறுதுணையாயினர். தென்னாட்டு வரலாற்றாசிரியர் இன்றும் நாடும் பெருஞ் சுவடித் திரட்டு இவ்வாறு ஒரு நில அளவையாளரின் பயணத்தால் விளைந்தது. நிலத்தை அளக்கச் சென்றவர் நிலத்தின் கதையையும் கேட்டார். இரண்டும் ஒரே தொழிலாயின.

எட்டு மாணவருடன் தொடங்கிய பள்ளியோ 1859 ஆம் ஆண்டிற் பொறியியற் கல்லூரியாக உயர்ந்து, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக விளங்குகின்றது. அக் கல்லூரியில் இன்று புவித்தகவலியலும் தொலையுணர்வும் பட்டக் கல்வியாகக் கற்பிக்கப்படுகின்றன. எனவே, நில அளவை பட்டத்தின் பிற்சேர்க்கை என்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. கிண்டியைப் பொறுத்தவரை, நில அளவையே முன்னையது, பட்டமே பிற்சேர்க்கை.

இந்துக் கல்லூரி மாணவர் ஒருவர்

இங்கு நம் மாணவர் சிறப்பாக அறியவேண்டியவர் இராதாநாத் சிக்தார். 1813 ஆம் ஆண்டிற் கல்கத்தாவிற் பிறந்த இவர், 1817 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கல்கத்தா இந்துக் கல்லூரியிற் பயின்றவர். அங்கு ஜோன் ரைற்றலர் என்னும் ஆசிரியரிடம் உயர் கணிதமும் நியூற்றனின் நூலும் கற்றார். 1831 ஆம் ஆண்டிற் பெருந் திரிகோண அளவையில் கணிப்பாளராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினெட்டே. அளவைத் தலைவர் ஜோர்ஜ் எவரெஸ்ற் அவருடைய கணிதத் திறனை வியந்து போற்றினார். பின்னர் அவர் தலைமைக் கணிப்பாளராயினர்.

இமயத்தின் பதினைந்தாவது சிகரம் எனக் குறிக்கப்பட்ட மலையே உலகில் மிக உயர்ந்தது என்பது கணிப்பால் வெளிப்பட்டது. 1852 ஆம் ஆண்டில் அதனை முதலிற் கண்டவர் சிக்தார் என்பது பரவலான வழக்கு. கணிப்பிற் பலர்க்கும் பங்குண்டு என்பதும் மறுக்கப்படுவதன்று. 1856 ஆம் ஆண்டில் அதன் உயரம் 29,002 அடி என அறிவிக்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டிற் சீனமும் நேபாளமும் கூட்டாக வெளியிட்ட 8,848.86 மீற்றர் அளவுடன் ஒப்பிடின், வேறுபாடு ஏறத்தாழ முப்பதடியே. சிகரத்தை மிதியாது, நூறு மைலுக்கும் அப்பால் நின்று நோக்கிய கோணங்களிலிருந்து பெற்ற விடை இது. மலைக்கு வழங்கிய பெயரோ, அதனைக் கணித்தவர் எவருடையதுமன்று. அப்போது ஓய்வுபெற்றிருந்த எவரெஸ்றின் பெயரே சூட்டப்பட்டது.

சிக்தாரின் வாழ்வில் வேறு இரு நிகழ்ச்சிகளும் உள. 1843 ஆம் ஆண்டில் அளவைத் துறைக் கூலியாட்களை நீதிபதி ஒருவர் தம் சொந்தச் சுமை தூக்குமாறு வற்புறுத்தியபோது, சிக்தார் அதனைத் தடுத்து நின்றார். அதற்காக இருநூறு ரூபா தண்டமும் செலுத்தினார். அவர் துணைசெய்து ஆக்கிய நில அளவைக் கைந்நூலின் முதற் பதிப்பு 1851 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் முன்னுரையில் அவருக்கு நன்றி கூறப்பட்டிருந்தது. அவர் 1870 ஆம் ஆண்டில் இறந்தபின் வெளியான 1875 ஆம் ஆண்டுப் பதிப்பில் அந் நன்றியுரை நீக்கப்பட்டது. ஆங்கிலேயர் நடாத்திய செய்தித்தாளே இதனைக் கண்டித்தது. கணிதம் அவருக்கு வேலையைத் தந்தது. கல்லூரிக் கல்வியோ அநீதியைக் கண்டவிடத்து எதிர்த்து நிற்கும் நெஞ்சையும் தந்தது. திறனும் கல்வியும் ஒருவரிடத்தே கூடியதன் பயன் இது.

ஈழத்தில் அளவையும் உடைமையும்

இலங்கையில் ஒல்லாந்தர் தோம்பு என்னும் பதிவேடுகளை ஆக்கினர். காணித்தோம்பில் நிலமும், தலைத்தோம்பிற் குடியும் பதியப்பட்டன. யாழ்ப்பாணத்துக் காணியுறுதிகளில் இன்றும் காணிக்குத் தனிப்பெயர் உண்டு. கிழக்கே இன்னாருடையது, வடக்கே ஒழுங்கை என நாற்புற எல்லையும் சொல்லாற் குறிக்கப்படும். கலட்டி, புலம், தரவை, துரவு என முடியும் அப் பெயர்கள் மண்ணின் இயல்பையும் நீரின் இருப்பையும் கூறுவன. சொல்லால் வரைந்த தேசப்படங்கள் எனவே அவற்றைக் கருதலாம்.

பிரித்தானிய ஆட்சியில், ஆளுநர் பிரெடெரிக் நோத் 1800 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 2 ஆந் திகதி நில அளவைத் திணைக்களத்தை நிறுவினார். பிரெஞ்சுக்காரரான யோன்வில் அதன் முதல் தலைவர். இந் நாட்டில் இன்றுவரை இயங்கும் மிகப் பழைய அரசாங்கத் திணைக்களங்களுள் அதுவும் ஒன்று. ஆயின், அளவை எப்பொழுதும் நன்மைக்கே பயன்பட்டதெனக் கூறுதற்கில்லை. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நாட்டப்படாத காடும், பயிரிடப்படாத நிலமும் முடிக்குரியன எனக் கொள்ள இடமளித்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தும், காட்டில் மாடு மேய்த்தும் வந்த கிராமத்தாரிடம் படமும் இல்லை, பத்திரமும் இல்லை. நிலத்தை அவர் அறிந்திருந்தனர். நிலத்தைத் தாளிற் காட்டும் கலையை அறிந்திலர். அளவை செய்யப்பட்ட காணிகள் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. தேசப்படம் வரையத் தெரிந்தோர் தெரியாதோர் முன் வழக்கில் வெல்லுதல் எளிது என்பதை மலைநாட்டு வரலாறு காட்டுகின்றது.

அதே திணைக்களம் வேறொரு மரபையும் தந்தது. 1910 ஆம் ஆண்டில் அதிற் சேர்ந்த ஆர். எல். புரோகியர், அளவைக்காகக் காடுகளில் அலைந்தபோது தூர்ந்த குளங்களையும் அணைகளையும் கண்டார். அவற்றை ஒன்றோடொன்று இணைத்து நோக்கி, பண்டைய நீர்ப்பாசன வேலைகள் பற்றிய நூலை 1934, 1935 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். பின்னர் இந் நாட்டு அளவையின் வரலாற்றையும் எழுதினார். குளம் ஒன்றினைத் தனியே காண்பவனுக்கு அது ஒரு நீர்நிலை. படத்திற் காண்பவனுக்கோ ஒரு தொடரின் கண்ணி. மேற்குளத்தின் மிகுநீர் கீழ்க்குளத்திற்குச் செல்லும் அமைப்பை ஏடுகள் மட்டும் படித்த வரலாற்றாசிரியர் காண இயலாது.

வானிலிருந்து நோக்கும் கண்

1858 ஆம் ஆண்டிற் பாரிசு நகருக்கு அண்மையில் நாடார் என்னும் புனைபெயருடைய பிரெஞ்சுப் புகைப்படக்காரர் வாயுக்கூட்டிலிருந்து முதன்முதலாக நிலத்தைப் படம் பிடித்தார். முதலாம் உலகப் போரில் விமானப் படம் வளர்ந்தது. போரின் பின், இங்கிலாந்தில் ஓ. ஜி. எஸ். குரோபோட் என்பார் விமானப் படங்களிற் பயிரின் நிற வேறுபாடுகளைக் கொண்டு மண்ணுள் மறைந்த பழைய அகழிகளைக் கண்டறிந்தார். அகழி தூர்ந்த இடத்தில் மண் ஆழமாதலின் பயிர் செழிக்கும்; புதைந்த சுவரின் மேற் பயிர் வாடும். நிலத்தில் நிற்பவனுக்குப் புலப்படாத இவ் வேறுபாடு மேலிருந்து நோக்குவார்க்குக் கோடாகத் தெரியும்.

இலங்கை முழுவதும் 1956 ஆம் ஆண்டிற் கனடாவின் உதவியுடன் விமானத்திலிருந்து படம் பிடிக்கப்பட்டது. நாற்பதினாயிரத்துக்கு ஒன்று என்னும் அளவுடைய அப் படங்கள், அக் காலத்துக் காடு, குளம், வயல், குடியிருப்பு ஆகியவற்றுக்கு இன்று ஒப்பற்ற சான்றாகும். அடுத்த தசாப்தத்திற் கனடாவிலேயே மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. அந் நாட்டின் நிலவளங்களைக் கணக்கெடுக்க ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிடவேண்டியிருந்தது. கையாற் செய்வதற்குக் காலமும் ஆளும் போதா. றொஜர் ரொம்லின்சன் என்னும் புவியியலாளர், எல்லைகளை எண்களாக மாற்றிக் கணினியில் இட்டால் அக் கணினியே ஒப்பிடும் எனக் கண்டார். 1960களில் இவ்வாறு எழுந்ததே புவியியல் தகவல் முறைமை. மண்வகைப் படம், மழைப் படம், காணிப் படம் என்பவற்றைப் படலங்களாக அடுக்கி, எவ்விடத்தில் மூன்றும் ஒருங்கே பொருந்துகின்றன என வினவி விடை பெறுதலே அதன் சாரம்.

1972 ஆம் ஆண்டு யூலை 23 ஆந் திகதி அமெரிக்கா முதல் லான்ட்சற் செய்மதியை ஏவிற்று. இந்தியா 1988 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தன் முதல் செயல்நிலைத் தொலையுணர்வுச் செய்மதியைச் செயற்படுத்திற்று. இவற்றின் கருவிகள் கண்ணுக்குப் புலனாகும் ஒளியை மட்டுமன்றி அகச்சிவப்புக் கதிர்களையும் பதிவன. பசிய இலை அண்மை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் தெறிக்கும். தெளிந்த நீரோ அதனை உறிஞ்சிக் கருமையாகத் தோன்றும். ஆதலின், நீர் நிறைந்த குளத்தையும், வற்றியபின் பயிரேறிய குளத்தையும், அவற்றின் அணைக்கட்டையும் படத்திற் பிரித்தறியலாம். 2008 ஆம் ஆண்டில் லான்ட்சற் படத் தொகுதி முழுவதும் யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்கலாயிற்று. இப் படங்களை ஆராயும் மென்பொருள்களுள்ளும் விலையில்லாதன உண்டு. அரசர்க்கும் கம்பெனிக்கும் திணைக்களத்துக்கும் மட்டுமே உரியதாயிருந்த பொருள் இன்று கிராமப் பள்ளி மாணவனுக்கும் திறந்து கிடக்கின்றது. கருவி கிடைத்துவிட்டது, அதனைக் கையாளும் கல்வியே எஞ்சியுள்ளது.

பட்டத்துடன் சேர்க்கத்தகுமா?

மேனாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் இவ் வழக்கு எழுந்தது. 1990 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிற் பல பல்கலைக்கழகங்களின் கூட்டு நிலையம் ஒன்று புவியியல் தகவல் முறைமைக்குரிய பொதுப் பாடவிதானத்தை வகுத்தது. இது கருவியா, அறிவியலா என்னும் வினா அக் காலத்திற் பெரிதும் ஆராயப்பட்டது. மைக்கல் குட்சைல்ட் என்னும் அறிஞர் 1992 ஆம் ஆண்டில், கருவியின் பின்னே ஓர் அறிவியல் உண்டென வாதிட்டார். நம் நாட்டிற் சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் இத் துறைக்கெனத் தனிப் பீடமே உளது. ஏனைப் பல்கலைக்கழகங்களிலும் புவியியற் பட்டத்துள் இது இடம்பெறுகின்றது. நம் கவலை அவற்றைப் பற்றியதன்று. சரித்திரம், தமிழ், பொருளியல், விவசாயம் என்பவற்றைப் பயிலும் மாணவர்க்கும் இதன் ஒரு கூறு வேண்டுமா என்பதே வினா.

வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். லான்ட்சற் படத்தின் ஒரு புள்ளி இப்பொழுது முப்பது மீற்றர்ச் சதுரத்தைக் குறிக்கின்றது. அஃதாவது 900 சதுர மீற்றர். யாழ்ப்பாணக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கராதலின், ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். எனவே ஒரு புள்ளிக்குள் மூன்றரைப் பரப்புக் காணி அடங்கிவிடும். இக் கணக்கை அறிந்த மாணவன், அப் படத்தைக் கொண்டு வன்னிக் குளங்களின் பரப்பு ஆண்டுதோறும் மாறுவதை அளக்கத் துணிவான். அயலார் இருவரின் வேலிச் சண்டையைத் தீர்க்கத் துணியான். கணக்கை அறியாதவனோ வண்ணப் படத்தைக் கண்டு மயங்கி இரண்டையுஞ் செய்வான்.

மற்றோர் எடுத்துக்காட்டு: பழைய ஓரங்குலத் தேசப்படத்தைச் செய்மதிப் படத்தின்மேல் திருத்தமின்றி இட்டால், கோயிலும் சந்தியும் சில நூறு மீற்றர் விலகி நிற்கும். படம் வரைந்தவர் பிழையன்று இது. எவரெஸ்ற் 1830 ஆம் ஆண்டில் வகுத்த பூமியின் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது நம் நாட்டு அளவை. செய்மதிகள் கொண்டிருப்பது வேறு வடிவம். வரலாறு அறியாத தொழில்வல்லுநர்க்கு இவ் விலகல் ஒரு தொல்லை மட்டுமே. வரலாறு அறிந்தவர்க்கு அதன் காரணம் தெரியும். திறன் அறியாத வரலாற்று மாணவனோ விலகலையே காணமாட்டான்.

கம்போதியாவின் அங்கோர் நகரில் 2012 ஆம் ஆண்டில் விமானத்திலிருந்து ஒளிக்கதிர்களைச் செலுத்தி, காட்டின் இலைகளுக்கு ஊடே நிலத்தின் மேடுபள்ளங்களை அளந்தனர். கோயில்களைச் சூழ்ந்திருந்த தெருக்களும் குளங்களும் நிரலாக வெளிப்பட்டன. மதுரையை அடுத்த வைகைக் கரையில் 293 தொல்லிடங்களைப் பதிவுசெய்த களப்பயணமே கீழடி அகழ்வுக்கு வழிகாட்டிற்று. முன்னையது வானிலிருந்து செய்தது. பின்னையது காலால் நடந்து செய்தது. இரண்டும் தேசப்படத்திற் கூடியபோதே வரலாறாயின. நம் நாட்டிலும் கந்தரோடை, ஆனைக்கோட்டை, மாந்தை என்னும் இடங்களைத் தனித்தனியே ஆராய்ந்தோர் உளர். இவற்றுக்கு இடைப்பட்ட ஊர்களும், துறைகளும், நன்னீர்க் கேணிகளும் ஒரே படத்திற் பதியப்படுமாயின் நம் பண்டைய வரலாற்றில் ஐயங்கள் சில தெளிதல் கூடும்.

வரலாறு ஒருபுறமிருக்க, வாழ்வும் இதனை வேண்டுகின்றது. 2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை எழுந்தபோது, பாதிப்புற்ற கரைகளின் நிலையை உலகுக்கு விரைந்து காட்டியவற்றுட் செய்மதிப் படங்களும் அடங்கும். நெடும் போரின் பின் 2009 ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட காலத்தில் ஊர் திரும்பியோர் பலர் வேலியையும் எல்லைப் பனையையும் காணாது நின்றனர். உறுதியை இழந்தோரும் பலர். கிழக்கே இன்னார் காணி என்னும் சொல்லுக்கு அந்த இன்னார் இல்லாதவிடத்துப் பொருளில்லை. 1840 ஆம் ஆண்டின் சேனைக்காரர் நிலையை நாம் வரலாற்றிற் படித்துவிட்டு மீண்டும் அந் நிலையை அடைதல் தகுமா?

ஆதலின், எப் பட்டம் பயில்வோரும் ஓராண்டுத் துணைப்பாடமாக இக் கலையைப் பெறுதல் நன்று. அதில் மூன்று கூறுகள் இன்றியமையாதன. முதலாவது, தேசப்படம் வாசித்தல்: அளவு, ஆங்குகள், பூமியின் வடிவம் பற்றிய அறிவு. இரண்டாவது, செய்மதிப் படத்தை ஆராய்ந்து கணினியிற் படலங்களாக்குதல். மூன்றாவது, படத்திற் கண்டதை நிலத்திற் சென்று சரிபார்த்தல். மூன்றாவதைக் கைவிட்டு முதலிரண்டை மட்டும் கற்பிப்பின், ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன் தொலமி செய்த பிழையை விரைவாகவும் வண்ணத்தோடும் செய்பவராவோம். சென்று நடத்தற்கும், முதியோரைக் கேட்டற்கும், காணிப்பெயரின் பொருளை உணர்தற்கும் வேண்டிய மொழியறிவும் வரலாற்றறிவும் கலைப்பட்டம் பயில்வோரிடத்தே உள்ளன. இத் திறனை அவர்க்கு ஊட்டுதல் அவரது கல்வியைத் தாழ்த்துவதாகாது. அக் கல்விக்கு ஒரு நிலத்தைத் தருவதாகும்.

இவ் விதழைப் படிக்கும் மாணவர், பாடவிதானம் மாறும் வரை காத்திருத்தல் வேண்டுவதில்லை. வரும் விடுமுறையில் தம் ஊரின் பழைய தேசப்படம் ஒன்றினைத் தேடிப் பெறுக. அதிற் குறித்த குளங்களும் கேணிகளும் இன்று எந்நிலையில் உள்ளன என நடந்து சென்று காண்க. தூர்ந்தவற்றின் பெயரை முதியோரிடம் கேட்டு அதே படத்திற் குறித்துவைக்க. கல்லூரிதோறும் பத்து மாணவர் இதனைச் செய்வாராயின், எந்தத் திணைக்களத்திலும் இல்லாத தேசப்படம் ஒன்று நம் கல்லூரி நூலகங்களில் உருவாகிவிடும்.